மொரீஷியஸ் தீவுக்குச் சொந்த வானிலைத் துறை எதற்கு?

தமிழகத்திலிருந்து வேலைக்காக மொரீஷியஸ் வந்திருக்கும் இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “தென்மேற்கு இந்தியப் பெருங்கடலின் புயல்களைக் கண்காணிக்கும் பொறுப்பை உலக வானிலை அமைப்பு பக்கத்துத் தீவான ரீயூனியனிடம் கொடுத்திருக்கிறது. செயற்கைக்கோள் படமோ எல்லாருடைய கைபேசியிலும் வருகிறது. அப்படியிருக்க, இவ்வளவு சிறிய நாட்டுக்குத் தனியாக ஒரு வானிலைத் துறை எதற்கு? அது எப்போது, எப்படித் தோன்றியது?”

நியாயமான கேள்வி. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புயல் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை. அந்தப் புயலால் இந்தத் தீவில் எந்த ஊரார் எத்தனை மணிக்குள் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று சொல்வது வேறொரு வேலை. முதல் வேலையை உலகக் கப்பல்களுக்குக் கற்றுக்கொடுத்த இடங்களில் மொரீஷியஸும் ஒன்று. இரண்டாவது வேலையை இங்குள்ள துறை பெரும் உயிர்ச்சேதங்களைக் கண்டுதான் கற்றது. இன்னும் கற்று முடிக்கவில்லை என்பதே என் கருத்து.

தொடக்கத்தில் இந்தத் தீவில் வானத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் கடலுக்காகவே பார்த்தார்கள். 1735இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே போர்ட் லூயிஸைத் துறைமுகமாகக் கட்டியெழுப்பியபோது புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை வரவழைத்தார். கொத்தர், தச்சர், கப்பல் வேலை செய்பவர் என்று நம் முன்னோர் இங்கு முதலில் கால்வைத்தது அந்தத் துறைமுகத்துக்காகத்தான். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்தியாவுக்குப் போகும் கப்பல்கள் இளைப்பாறவும் பழுது பார்க்கவும் இங்கே நின்றன. நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை புயல் பருவம் என்பதால், பாய்மரம் முறிந்து, சுக்கான் உடைந்து வரும் கப்பல்களுக்குக் குறைவே இல்லை.

பிரெஞ்சுக் காலத்தில் ஒழுங்காக வானிலைக் குறிப்பு எழுதியவர்களில் என் மதிப்புக்குரியவர் லிஸ்லே ஜொஃப்ருவா. ரீயூனியனில் 1755இல் பிறந்தவர். தாய் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட பெண். தோல் நிறத்தால் மனிதரை எடைபோட்ட அந்தக் காலத்தில், 1786இல் பாரிஸ் அறிவியல் கழகம் அவரைத் தன் தொடர்பு உறுப்பினராக ஏற்றது. நிலப்படம் வரைந்தார், வெப்பமும் அழுத்தமும் மழையும் குறித்துவைத்தார். இந்தத் தீவின் அறிவியல் வரலாறு வெள்ளை அதிகாரிகளோடு தொடங்கியதாகப் பாடப்புத்தகங்கள் எழுதும்போது இவரை நினைவுபடுத்தாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

1810இல் தீவு ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1845 பிப்ரவரியில் இங்கிருந்து மஸ்கட் நோக்கிப் புறப்பட்ட ‘சார்ல்ஸ் ஹெடில்’ என்ற கப்பல் புயலில் சிக்கியது. கப்பல்தலைவர் செய்தது ஒன்றே ஒன்று: காற்று தள்ளிய திசையிலேயே ஓடவிட்டார். ஐந்து நாள் ஓடிய கப்பல், புயலின் மையத்தை ஐந்து முறை முழுவட்டமாகச் சுற்றிவிட்டு மீண்டும் மொரீஷியஸ் பக்கமே வந்து சேர்ந்தது. கப்பலில் விடாமல் குறிக்கப்பட்ட காற்றுத் திசைகளைக் கல்கத்தாவிலிருந்த ஹென்றி பிடிங்டன் ஆராய்ந்தார். புயல் என்பது நேராக வீசும் பெருங்காற்று அல்ல, சுழன்றபடியே நகரும் காற்று என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி அன்று கிடைத்திருக்காது. ஒரு கப்பலின் பதிவேட்டிலிருந்து இவ்வளவு தெரியுமென்றால், துறைமுகத்துக்கு வரும் எல்லாக் கப்பல்களின் பதிவேடுகளையும் சேர்த்தால் என்ன தெரியும்?

அந்தக் கேள்விக்குத் தன் வாழ்நாளையே கொடுத்தவர் சார்ல்ஸ் மெல்ட்ரம். ஸ்காட்லாந்தில் 1821இல் பிறந்து, பம்பாய்க் கல்வித் துறையில் சிறிது காலம் இருந்து, 1848இல் மொரீஷியஸ் ராயல் கல்லூரிக்குக் கணித ஆசிரியராக வந்தவர். 1851இல் மொரீஷியஸ் வானிலைச் சங்கம் உருவாக முன்னின்றார். அரசின் உதவி எதிர்பார்த்த அளவு இல்லாத காலம் அது. போர்ட் லூயிஸில் நங்கூரமிட்ட கப்பல்களின் பதிவேடுகளை வாங்கி, நாள், மணி, இடம், காற்றழுத்தம், காற்றின் திசை, வேகம், கடலின் நிலை என ஒவ்வொன்றையும் பிரதி எடுக்க ஏற்பாடு செய்தார். ஒரே நாளில் பல கப்பல்கள் பல இடங்களிலிருந்து எழுதியவற்றை ஒரே வரைபடத்தில் வைத்தபோது, எந்தக் கப்பல்தலைவரும் தனியாகப் பார்த்திருக்க முடியாத ஒன்று கண்ணுக்குப் புலப்பட்டது: முழுக் கடலின் மேல் ஒரே நேரத்தில் இருந்த காற்றின் வடிவம். 1861 ஜனவரி மாதத்துக்கு அவர் அப்படி ஒவ்வொரு நாளுக்கும் வரைந்த இந்தியப் பெருங்கடல் வானிலைப் படங்கள் அந்த உழைப்பின் பலன். தந்தியில்லை, வானொலியில்லை, புயல் போய்ப் பல மாதங்களுக்குப் பிறகுதான் படம் முழுமையாகும். ஆனாலும் அடுத்த புயலில் மாலுமி என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தப் படம் மாற்றியது.

எப்படி மாற்றியது என்பதைச் சற்று விளக்க வேண்டும். இந்தத் துறையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். தென் அரைக்கோளத்தில் புயல் கடிகார முள் சுற்றும் திசையில் சுழல்கிறது. வங்கக் கடலில் நீங்கள் பார்த்ததற்கு நேர்மாறு. காற்று சரியான வட்டமாகச் சுற்றுகிறது என்றே அன்றைய மாலுமிகளுக்குச் சொல்லித்தரப்பட்டது. அதன்படி, காற்று வரும் திசையை நோக்கி நின்றால் புயலின் மையம் உங்கள் இடக்கைக்கு நேராக இருக்க வேண்டும். தென்கிழக்குக் காற்று வலுக்கிறது, பாரோமீட்டர் இறங்குகிறது என்றால் மையம் வடகிழக்கில் இருக்கிறது என்று கப்பல்தலைவர் முடிவு செய்வார். புயல் மேற்கு தென்மேற்காக வரும் என்பதால், அதன் பாதையை முன்கூட்டியே கடந்து தப்பிக்கலாம் என்று நம்பி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வடமேற்கே ஓடுவார்.

மெல்ட்ரம் தன் படங்களில் கண்டது வேறு. காற்று வட்டமாகச் சுற்றுவதில்லை. உள்நோக்கி வளைந்து வளைந்து மையத்தை நாடுகிறது. அப்படியானால் மையம் இடக்கைக்கு நேராக இல்லை, அதற்கும் சற்றுப் பின்னால் இருக்கிறது. தென்கிழக்குக் காற்றை நோக்கி நிற்பவருக்கு மையம் நேர் வடக்கிலேயே இருக்கலாம். வடமேற்கே ஓடும் கப்பல் புயலின் பாதையைக் கடப்பதற்குப் பதிலாக அதன் வாய்க்குள்ளேயே போகிறது! 1860 பிப்ரவரிப் புயலையும் மற்றவற்றையும் கப்பல் கப்பலாக ஆராய்ந்து இதை அவர் நிறுவினார். தென்கிழக்குக் காற்று வலுக்கும்போது அவசரப்பட்டு ஓடாதீர்கள், காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியும்வரை நிறுத்திவைத்துப் பாருங்கள் என்பதே அவர் அறிவுரை. புத்தகத்தில் படித்த விதியை நம்பி மூழ்கிய கப்பல்கள் எத்தனையோ. அந்த விதியைத் திருத்தியது மொரீஷியஸின் பதிவேட்டு அறை.

1862இல் அரசு அவரை வானிலை நோக்குநராக நியமித்தது. 1870 மே 30 அன்று விக்டோரியா அரசியின் மகன் இளவரசர் ஆல்ஃபிரட் பாம்ப்ளமூஸில் புதிய ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். அவர் பெயராலேயே அது ராயல் ஆல்ஃபிரட் ஆய்வகம் ஆயிற்று. காற்றழுத்தம், மழை, நிலக் காந்தம் எல்லாம் அங்கே அளக்கப்பட்டன. சூரியனும் படம் பிடிக்கப்பட்டது. ஆனால் காலம் வேறொரு கணக்குப் போட்டிருந்தது. அடிக்கல் நாட்டுவதற்கு ஆறே மாதம் முன்பு சூயஸ் கால்வாய் திறந்துவிட்டது. இந்தியாவுக்குப் போகும் கப்பல்கள் திசை மாறின, போர்ட் லூயிஸுக்கு வரும் பதிவேடுகளும் காலப்போக்கில் குறைந்தன. கப்பல்களை நம்பி எழுந்த ஆய்வகம் மெல்ல மெல்லத் தரையில் வாழ்பவர்களைப் பார்க்க வேண்டியதாயிற்று.

தரையில் யார் இருந்தார்கள்? 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கிய இந்தியர்கள். அவர்களில் சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழர்களும் தெலுங்கர்களும் பல்லாயிரம் பேர். 1867இல் தொடங்கிய மலேரியாக் கொள்ளைநோயில் சுமார் 40,000 பேர் இறந்தார்கள். மழை, காடழிப்பு, காய்ச்சல் மரணம் ஆகியவற்றுக்கு என்ன தொடர்பு என்று மெல்ட்ரம் பட்டியல் பட்டியலாக ஆராய்ந்து 1881இல் அறிக்கை கொடுத்தார். மலேரியாவைப் பரப்புவது கொசு என்று அன்று எவருக்கும் தெரியாது. ஆகவே அறிக்கையின் முடிவுகளுக்கு எல்லை உண்டு. என்றாலும் வானிலை அலுவலகத்தின் எண்கள் முதல்முறையாகத் தோட்டத்துக் குடிசைகளின் பக்கம் திரும்பியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

தமிழர் வரலாற்றோடு இந்த ஆய்வகத்துக்கு இன்னொரு தொடர்பும் உண்டு, பலரும் அறியாதது. சூரியப் புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் இந்தியப் பெருங்கடலில் புயல்களும் மிகுகின்றன என்று 1872இல் மெல்ட்ரம் அறிவித்தார். அந்தக் கருத்து பற்றிக்கொண்டது. தாது வருஷப் பஞ்சத்தில் தமிழகம் செத்துக்கொண்டிருந்த 1877இல், வில்லியம் ஹன்டர் என்ற அதிகாரி சென்னையின் மழைக் கணக்கையும் சூரியப் புள்ளிகளையும் இணைத்து, தென்னிந்தியப் பஞ்சம் ஒரு சுழற்சிப்படி வருகிறது என்று எழுதினார். பஞ்சத்துக்குக் காரணம் வானத்தில் இருக்கிறதென்றால், தானியத்தைக் கப்பலேற்றிய ஆட்சிக்கு எவ்வளவு வசதி! மெல்ட்ரம் அந்த நோக்கத்தில் சொல்லவில்லை. அவர் எண்களைத் தேடினார். சூரியப் புள்ளித் தொடர்பை வைத்து மழையையோ புயலையோ முன்கூட்டிச் சொல்லும் முயற்சி பின்னாளில் நிலைக்கவில்லை.

பிறகு 1892 ஏப்ரல் 29. புயல் பருவம் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று எல்லாரும் நிம்மதியாக இருந்த நேரம். புயலின் கண், அதாவது காற்று அடங்கிய நடுப்பகுதி, தீவின் மேலேயே கடந்தது. காற்று நின்றதும் ஆபத்து நீங்கியது என்று எண்ணி மக்கள் வெளியே வந்தார்கள். மறுபக்கத்துக் காற்று எதிர்த்திசையிலிருந்து அடித்தது. போர்ட் லூயிஸில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தரைமட்டமாயிற்று. தீவு முழுவதும் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். உலகமே மதித்த புயல் அறிஞர் சில மைல் தொலைவில் பாம்ப்ளமூஸில் இருந்தார். ஆனால் அவர் கையில் இருந்தது தீவுக்குள் அளந்த அழுத்தமும் காற்றும் மட்டுமே. தீவுக்கு வெளியே கடலில் என்ன நடக்கிறது என்று சொல்ல ஒரு கம்பிகூட இல்லை. மாலுமிகளுக்கு அவர் வகுத்துத் தந்த அறிவு வைக்கோல் கூரைக்கடியில் இருந்தவர்களை எட்ட வழியே இருக்கவில்லை. இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அறிவியல் இருந்தும் எச்சரிக்கை அமைப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1892ஐவிடக் கொடிய சான்று இந்தத் தீவில் இல்லை.

1893இல் ஸான்ஸிபாரிலிருந்து செஷல்ஸ் வழியாகக் கடலடித் தந்தி வந்தது. அதைவிட முக்கியமானது 1901இல் ரோட்ரிக்ஸ் தீவு தந்தியில் இணைந்தது. ரோட்ரிக்ஸ் மொரீஷியஸுக்குக் கிழக்கே ஏறக்குறைய 600 கி.மீ. தொலைவில் இருக்கிறது, நம்மை நோக்கி வரும் புயல்களில் பல அந்தப் பக்கமாகவே வருகின்றன. அங்கே அழுத்தம் இறங்கினால் இங்கே ஒரு நாள் அவகாசம் கிடைக்கக்கூடும். (அந்தச் சிறு தீவின் காதுகளுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1883 ஆகஸ்ட் 27 அன்று சுமார் 4,800 கி.மீ. அப்பால் க்ரகடோவா எரிமலை வெடித்த ஓசையைத் தொலைவில் பீரங்கி முழங்குவதுபோல் கேட்டதாக ரோட்ரிக்ஸின் காவல் தலைவர் ஜேம்ஸ் வாலிஸ் எழுதிவைத்தார்.)

மெல்ட்ரம் 1896இல் ஓய்வுபெற்றார், 1901இல் எடின்பரோவில் இறந்தார். அடுத்து வந்த கிளாக்ஸ்டன் பின்னாளில் ஹாங்காங் ஆய்வகத்துக்குத் தலைமை தாங்கப் போனார். அவருக்குப் பிறகு பொறுப்பேற்ற ஆல்பர்ட் வால்டர், மழையும் புயலும் கரும்பு விளைச்சலை எப்படி மாற்றுகின்றன என்று புள்ளியியல் முறையில் ஆராய்ந்தவர். கிழக்கு ஆப்பிரிக்காவின் வானிலைத் துறையைக் கட்டியெழுப்பியவரும் அவரே. இந்தக் காலத்தில் துறையின் முதல் வாடிக்கையாளர் சர்க்கரைத் தொழில் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போர் விமானங்களைக் கொண்டுவந்தது, விமானங்கள் உயரத்தில் வீசும் காற்றை அளக்கும் முறையைக் கொண்டுவந்தன. துறையின் தலைமையிடமும் பிற்பாடு உயரமான வாக்குவாவுக்கு மாறியது. இன்று மொரீஷியஸ் வானிலைச் சேவைகள் என்று நாம் சொல்வது அங்கிருந்துதான் இயங்குகிறது.

1960ஆம் ஆண்டை இந்தத் தீவின் எந்தக் குடும்பமும் மறக்கவில்லை. அந்த ஆண்டுதான் இந்தக் கடற்பகுதியின் புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் தொடங்கியது. ஜனவரியில் வந்த அலிக்ஸ் முதல் பெயர். பிப்ரவரி 28இல் வந்தது கேரல். மணிக்கு 256 கி.மீ. வரை காற்று அடித்தது, 42 பேர் இறந்தார்கள். பல்லாயிரம் வீடுகள் போயின. கரும்பு பாதிக்கு மேல் அழிந்தது. 1892ஐ நினைத்துப் பாருங்கள்: அன்று 1,200, கேரலில் 42. இடையில் வந்தவை தந்தி, வானொலி, முன்னறிவிப்பு, அடைக்கலம் தந்த உறுதியான கட்டடங்கள். கேரலுக்குப் பிறகு அரசு வீடுகளைக் கட்டியது. சீத்தே என்று நாம் அழைக்கும் குடியிருப்புகளில் பல அப்போது எழுந்தவை. மக்களும் மரத்தையும் தகரத்தையும் கைவிட்டு, காசு சேரச்சேர ஒவ்வோர் அறையாகக் கான்கிரீட்டுக்கு மாறினார்கள். கேரல் போய் ஒரு மாதத்தில், 1960 ஏப்ரல் 1 அன்று, முதல் வானிலைச் செயற்கைக்கோளான டைரோஸ் 1 விண்ணில் ஏறியது. மெல்ட்ரம் மாதக்கணக்கில் பதிவேடுகளைப் பார்த்து வரைந்த படத்தை இனி வானத்திலிருந்து நேராகப் பார்க்கலாம்.

1975 பிப்ரவரி 6இல் ஜெர்வைஸ் வந்தபோது மணிக்கு 280 கி.மீ. வரை காற்று பதிவாயிற்று. அதுவும் கண் தீவைக் கடந்த புயல்தான். இறந்தவர்கள் சுமார் பத்துப் பேர். 1994இல் ஹொலாண்டா, 2002இல் டீனா என்று பிறகும் வந்தன. காற்றைப் பொறுத்தவரை இந்த நாடு வென்றுவிட்டது என்றே சொல்வேன்.

இனி ரீயூனியன் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிரான்ஸின் வானிலை அமைப்பு அங்கே செந்தெனியில் நடத்தும் மையம்தான் 1993 முதல் இந்தக் கடற்பகுதிக்கு உலக வானிலை அமைப்பின் சிறப்பு மையம். புயலின் இடம், வலிமை, பாதை பற்றிய அதிகாரபூர்வக் கணிப்பு அங்கிருந்து வருகிறது. ஆனால் பெயர் வைப்பது அவர்களல்ல. புயல் கிழக்குத் தீர்க்கரேகை 55 பாகைக்கும் 90 பாகைக்கும் இடையில் மணிக்குச் சுமார் 63 கி.மீ. நிலையான காற்று வேகத்தை எட்டினால் பெயரிடும் உரிமை மொரீஷியஸுக்கு. அதற்கு மேற்கே மடகாஸ்கருக்கு. 90 பாகைக்குக் கிழக்கே பெயர்பெற்று வருவது அதே பெயரோடு நம் பக்கம் வரும். 2023இல் ஆஸ்திரேலியா பெயரிட்ட ஃபிரெடி அப்படித்தான் முழுப் பெருங்கடலையும் கடந்து, நம் வடக்கே போய், மொசாம்பிக் வரை சென்றது; 36 நாள் உயிரோடிருந்து உலகச் சாதனை படைத்தது.

பெயரைவிட முக்கியம் எச்சரிக்கை. ஒவ்வொரு நாடும் தன் மண்ணுக்குத் தானே எச்சரிக்கை விட வேண்டும். இந்தப் பொறுப்பை யாரிடமும் ஒப்படைக்க முடியாது. ரீயூனியனில் எச்சரிக்கை நிறங்களால் அமைந்தது. இங்கே கிளாஸ் 1 முதல் 4 வரை. இங்கே கணக்கெல்லாம் மணிக்கு 120 கி.மீ. காற்றை வைத்தே. அந்தக் காற்று வரக்கூடும் என்பதற்கு 36 முதல் 48 மணி நேரம் முன்பு கிளாஸ் 1. அதற்கு முன் 12 மணி நேரப் பகல் வெளிச்சம் மிஞ்சும்படி கிளாஸ் 2. 6 மணி நேரப் பகல் வெளிச்சம் மிஞ்சும்படி கிளாஸ் 3. அந்தக் காற்று பதிவாகிவிட்டது, தொடரும் என்றால் கிளாஸ் 4. ‘பகல் வெளிச்சம்’ என்று விதியிலேயே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். இருட்டில் கூரையைக் கட்டவும் பிள்ளைகளை அழைத்துவரவும் முடியாது என்று தெரிந்தவர்கள் வகுத்த விதி அது. தைப்பூசக் காவடி இந்தப் பருவத்தின் உச்சத்தில் வருகிறது. பந்தல் போடுவதிலிருந்து ஊர்வலப் பாதை வரை இங்குள்ள கோவில் நிர்வாகிகள் வாக்குவாவின் அறிக்கையைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவுக்கு வேண்டியதை வேறொரு தீவின் மையம் சொல்லாது.

இன்னொரு காரணமும் உண்டு. சுமார் 1,865 சதுர கி.மீ. மட்டுமே உள்ள இந்தத் தீவில் மேற்குக் கரையில் ஆண்டுக்கு 900 மி.மீ. அளவுக்கு மழை; நடு மேட்டில் 4,000 மி.மீ. வரை. கியூர்பிப்பில் குடை பிடித்து பஸ் ஏறியவர் போர்ட் லூயிஸில் வெயிலில் இறங்குவது அன்றாட நிகழ்ச்சி. ஒரு பெருங்கடலையே கண்காணிக்கும் மையத்துக்கு இந்த நுணுக்கம் வேலையாக இருக்க முடியாது. அகலேகா, செயின்ட் பிராண்டன் போன்ற நெடுந்தொலைவுத் தீவுகளிலும் துறையின் நிலையங்கள் இருக்கின்றன.

ஆனால் இங்கேதான் என் கவலையும் இருக்கிறது. காற்றுக்காக வகுத்த அமைப்பை மழை தோற்கடிக்கிறது. 2013 மார்ச் 30 அன்று புயலே இல்லை. போர்ட் லூயிஸில் இரண்டு மணி நேரத்துக்குள் 152 மி.மீ. மழை கொட்டியது; சுரங்க நடைபாதையிலும் வாகன நிறுத்துமிடத்திலும் சிக்கியவர்கள் உட்பட 11 பேர் இறந்தார்கள். மலைகள் சூழ்ந்த நகரம், கான்கிரீட் மூடிய நிலம், அடைபட்ட வாய்க்கால்கள். கேரலுக்குப் பிறகு நம்மைக் காப்பாற்றிய கான்கிரீட்டே மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் தடுக்கிறது.

2024 ஜனவரி 15, தைப்பொங்கல் நாள். பெலால் புயல் ரீயூனியனை நெருங்கிக்கொண்டிருந்தது; அங்கே ஊதா எச்சரிக்கை, யாரும் வெளியே வரக்கூடாது. இங்கே கிளாஸ் 2 நிலையில் மக்கள் காலையில் வேலைக்குப் போனார்கள். கிளாஸ் 3 வந்தபோது தலைநகரில் வெள்ளம் பெருகிவிட்டது, கார்கள் மிதந்தன, வீடு திரும்ப வழியில்லை. அடுத்த நாளே வானிலைத் துறை இயக்குநர் பதவி விலகினார். ஒருவர் விலகியது போதுமான பதிலா என்றால், என் பார்வையில் இல்லை. கிளாஸ் என்ற அளவுகோலே காற்றைத்தான் கேட்கிறது. 120 கி.மீ. காற்று வராவிட்டாலும் நகரம் மூழ்கலாம் என்பதை அந்த எண்ணால் மட்டும் சொல்ல முடியாது. துரோ ஓ செரில் ஜப்பான் உதவியோடு அமைத்து 2019இல் திறந்த டாப்ளர் ரேடார் மழை மேகங்களைப் பார்க்கிறது. கனமழைக்கும் தனி எச்சரிக்கை உண்டு. ஆனாலும் வேலைக்குப் போகலாமா என்ற கேள்விக்கு மக்களும் முதலாளிகளும் இன்னும் பெரும்பாலும் கிளாஸ் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். கிளாஸ் 3 வந்தால்தான் தொழிலாளி வீட்டில் இருக்கலாம் என்ற எண்ணம் நீடிக்கும்வரை, மழை பெய்யும் கிளாஸ் 2 காலைகளில் பஸ்கள் நிரம்பித்தான் போகும். மழையின் அளவும் வாய்க்காலின் கொள்ளளவும் அந்த முடிவுக்குள் வர வேண்டும்.

கடலைப் பற்றியும் சுருக்கமாக. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தியப் பெருங்கடல் எச்சரிக்கை அமைப்பில் மொரீஷியஸ் இணைந்தது. ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் உள்ளிட்டவை அனுப்பும் தகவலும் இங்குள்ள கடல்மட்ட அளவிகளும் சேர்ந்து வேலை செய்கின்றன. கடலாய்வுக்கென்று தனியாக மொரீஷியஸ் கடலியல் நிறுவனம் 1999 சட்டத்தால் அமைந்தது. அது எச்சரிக்கை விடும் அலுவலகம் அல்ல, ஆய்வு செய்வது. வானிலைத் துறை விடும் பேரலை எச்சரிக்கையைப் புதிதாக வந்தவர்கள் பொருட்படுத்துவதில்லை, அது தவறு. தென்னாப்பிரிக்காவுக்குத் தெற்கே எங்கோ வீசிய புயலின் அலை, இங்கே வானம் தெளிவாக இருக்கும் நாளில் தென்கரையை அடிக்கும்.

உங்களுக்கு என் யோசனை: புயல் பருவத்தில் கிளாஸ் எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். வாக்குவாவின் அறிக்கையில் மழை பற்றிய வரிகளைத் தனியாகப் படியுங்கள். உங்கள் வீடும் அலுவலகமும் தாழ்ந்த பகுதியில் இருக்கின்றனவா, பக்கத்தில் வாய்க்கால் எங்கே போகிறது என்று வெயில் நாளிலேயே நடந்து பாருங்கள். புயலில் காற்று திடீரென்று நின்றால், முடிந்தது என்று வானொலி சொல்லும்வரை கதவைத் திறக்காதீர்கள்.